பழைய ஜேசிபியின் வயது எங்கே இருக்கிறது?

பல வருடம் பிறர் வண்டியில் ஆப்பரேட்டராக உட்கார்ந்தவருக்கு ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொள்ளும் ஆசை வரும். புதிய ஜேசிபி முப்பது லட்சத்தைத் தாண்டிவிடும். மாதத் தவணையை நினைத்தாலே தூக்கம் போய்விடும். ஆகவே பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறார். விவசாயிகளும் சிறு ஒப்பந்ததாரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். வண்டி நிற்கும் இடத்துக்குப் போனதும் எல்லோரும் பார்ப்பது மூன்றை: எந்த வருட மாடல், ஹவர் மீட்டரில் எத்தனை மணி, பெயிண்ட் எப்படி.

இந்த மூன்றில் எதுவும் வண்டியின் உண்மையான வயதைச் சொல்லாது. மாடல் வருடம், வண்டி எப்போது பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறது. மீட்டரைக் கழற்றி வேறு மாட்டலாம், அல்லது அது வயர் அறுந்து இரண்டு வருடமாக நின்றுபோயிருக்கலாம். மஞ்சள் பெயிண்ட் இரண்டு நாள் வேலை. மலிவாக மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது. உலோகமும் உலோகமும் உரசும் இடங்களில் உள்ள இடைவெளி. தொழிற்சாலையை விட்டு வரும்போது அது மைக்ரான் கணக்கில் இருக்கும். வேலை செய்யச் செய்ய விரியும். பம்புக்குள், வால்வுக்குள், எஞ்சின் சிலிண்டருக்குள், ஒவ்வொரு பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அந்த இடைவெளி எவ்வளவு ஆகியிருக்கிறதோ, அதுதான் வண்டியின் வயது. அதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். எப்போது என்பதுதான் முக்கியம்.

அதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். முன்னால் அள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை, நடுவே டிராக்டர் போல ஓர் உடல். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், யூட்டாக்ஸிட்டர் என்ற சிற்றூரில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1945இல் ஒரு சிறு வாடகைக் கொட்டகையில் தொடங்கிய ஜேசிபி நிறுவனம் 1953இல் இந்த வடிவ இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு 1979இல் வந்தது, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக, ஹரியானாவின் பல்லப்கரில். நம் தெருக்களில் அதிகம் பார்ப்பது அதன் 3டிஎக்ஸ். 76 குதிரைத் திறன், ஏறத்தாழ ஏழரை டன் எடை, நாலரை மீட்டருக்கு மேல் ஆழம் தோண்டும். கேஸ், கேட்டர்பில்லர், டாடா ஹிட்டாச்சி, மஹிந்திரா என்று வேறு பெயர்களும் சந்தையில் உண்டு. எந்தப் பெயராக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். அதனால் இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

76 குதிரைத் திறன் என்பது ஒரு சாதாரண காரின் எஞ்சினுக்கு உள்ள திறன். அதை வைத்துப் பாறை மண்ணைப் பெயர்ப்பது எப்படி? எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் போக வழியில்லாமல் சிலிண்டருக்குள் பிஸ்டனை முட்டும்போது அழுத்தம் 200 பாரைத் தாண்டுகிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிலோவுக்கு மேல். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள சிலிண்டரின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 16 டன் விசை. வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதியின் மேல்தான் நம் ஊர் வாய்க்கால்கள் எல்லாம் தூர்வாரப்படுகின்றன.

இந்த 200 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது எது? சிலிண்டர் பிஸ்டனில் ரப்பர் சீல் இருக்கிறது. ஆனால் பம்புக்குள் சுழலும் பல்சக்கரங்களுக்கும் கூட்டுக்கும் நடுவே சீல் கிடையாது. லீவரைத் தள்ளும்போது கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற எஃகுத் தண்டுக்கும் அதன் துளைக்கும் நடுவே சீல் கிடையாது. அங்கே எண்ணெயைத் தடுப்பது இடைவெளியின் குறுகல் மட்டுமே. நல்ல ஸ்பூலில் அது பத்து மைக்ரான் அளவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

இங்கேதான் இயற்பியல் தன் கடுமையைக் காட்டுகிறது. ஒரு மெல்லிய இடைவெளி வழியாகக் கசியும் எண்ணெயின் அளவு, அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயரும். பத்து மைக்ரான் இருபது ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு. அதோடு, எண்ணெயின் குழகுழப்பு குறையக் குறையக் கசிவு கூடும். பொதுவாக ஊற்றும் விஜி 46 வகை எண்ணெய்க்கு 40 டிகிரியில் பாகுநிலை எண் 46. வேலை மும்முரத்தில் எண்ணெய் 80 டிகிரியைத் தொடும்போது அது 11, 12 என்று இறங்கிவிடும். நான்கில் ஒரு பங்கு. அதாவது கசிவு இன்னும் நான்கு மடங்கு. தேய்மானத்தின் எட்டையும் வெப்பத்தின் நான்கையும் பெருக்கினால் முப்பத்திரண்டு. புதிய வண்டி குளிர்ந்த நிலையில் கசியவிட்டதைப் போல முப்பத்திரண்டு மடங்கை, தேய்ந்த வண்டி சூடான நிலையில் உள்ளுக்குள்ளேயே கசியவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரியாது.

கசியும் எண்ணெய் சும்மாவும் போவதில்லை. 200 பார் அழுத்தத்தில் இருந்த எண்ணெய் வேலை எதுவும் செய்யாமல் இடுக்கு வழியாகத் தப்பினால், அதிலிருந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. அப்படித் தப்பும் எண்ணெய் ஒவ்வொரு முறையும் சுமார் 12 டிகிரி சூடேறும். சூடானால் இளகும். இளகினால் மேலும் கசியும். மேலும் கசிந்தால் மேலும் சூடு. "காலையில நல்லாத்தான் இழுக்குது, மத்தியானம் ஆனா படுத்துடுது" என்று ஆப்பரேட்டர்கள் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான். அவர்கள் சொல்வதில் அறிவியல் பிசகே இல்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். விற்பவர் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார். பக்கெட் மேலே போகும், கீழே வரும், எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும். எண்ணெய் அப்போது இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. கெட்டியான எண்ணெய் தேய்ந்த பம்பின் குறையை மூடிவிடும். பத்து நிமிடச் சோதனை வாங்குபவருக்கு எதையும் சொல்லாது. ஹைட்ராலிக்கை எண்ணெய் நன்கு சூடான பிறகுதான் சோதிக்க வேண்டும்.

எஞ்சினுக்கு நேர்மாறான விதி. அதைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகி, பீய்ச்சப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அமுக்கும்போதே காற்று இடுக்கில் தப்பிவிடும், போதிய சூடு வராது. இரும்பு முழுக்கக் குளிர்ந்திருக்கும் அதிகாலையில்தான் இந்தக் குறை வெளிப்படும். செல்ஃப் நெடுநேரம் அடித்தும் எடுக்காது, எடுத்தாலும் வெள்ளைப் புகையோடு தடுமாறும். அரை மணி நேரம் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் எந்தத் தேய்ந்த எஞ்சினும் ஒரே அடியில் எடுத்துவிடும். ஆகவே வண்டியிடம் போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவது நல்லது.

ஸ்டார்ட் ஆன பிறகு எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், ரிங்கைத் தாண்டி வரும் வாயு அங்கே தெரியும். லேசான ஆவி இயல்பு. ரயில் எஞ்சின் போலக் குபுகுபுவென்று வந்தால் எஞ்சினைப் பிரிக்கும் செலவை விலையில் கழிக்க வேண்டும். சூடான பிறகும் நீலப் புகை விட்டால் அது எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. பாரம் ஏறும்போது மட்டும் கொஞ்சம் கறுப்பு வந்தால், ஏர் ஃபில்டரோ நாசிலோ காரணமாக இருக்கலாம், அது பெரிய விஷயம் இல்லை. பழைய வண்டிகளின் ஒரு பெரிய நன்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2021 ஏப்ரலில் சிஇவி-4 மாசுக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வருவதற்கு முன் வந்த எஞ்சின்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப் உள்ளவை. பழைய 3டிஎக்ஸ் பலவற்றில் இருந்த கிர்லோஸ்கர் எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் எந்தச் சிறு நகரத்திலும் கிடைப்பார். லேப்டாப் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எஞ்சினைக் குளிரில் பார்த்தாயிற்று. இனி வண்டியைச் சூடேற்ற வேண்டும். டீசலை நீங்களே ஊற்றிக்கொடுங்கள். பூம் மேலே போக எடுக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உண்மையான மண்ணில் உண்மையான வேலை செய்யச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் டேங்கைத் தொட்டால் கையை வைத்திருக்க முடியாத சூடு வந்த பிறகு, அதே வேலையை அதே எஞ்சின் வேகத்தில் செய்யச் சொல்லிக் கவனியுங்கள். முன்பு பூம் மேலே போக எடுத்த நேரமும் இப்போது எடுக்கும் நேரமும் வெகுவாக வேறுபட்டால் பம்ப் தேய்ந்திருக்கிறது. செல்ஃபோனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும்.

பிறகு முன் பக்கெட்டில் மண்ணை நிரப்பி, இடுப்பளவு உயர்த்தி, எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு விரற்கடை இறங்குவது பழைய வண்டிக்கு இயல்பு. கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனால் விற்பவர் சொல்லக்கூடிய பதில் தெரிந்ததுதான்: "சீல் கிட் போட்டா சரியாயிடும் சார், சின்ன செலவுதான்."

இதை நம்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லோடர் கையின் பாரம் சிலிண்டர் ராடை உள்ளே தள்ளப் பார்க்கிறது. பிஸ்டன் சீல் கிழிந்திருந்தால் எண்ணெய் அடிப்பக்கத்திலிருந்து ராடுப் பக்கத்துக்குப் போகும். ஆனால் ராடுப் பக்கத்தில் இடம் குறைவு, ஏனென்றால் அங்கே ராடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ராடு மேலும் உள்ளே வர வேண்டுமானால், அந்த ராடின் கன அளவுக்குச் சமமான எண்ணெய் சிலிண்டரை விட்டே வெளியேற வேண்டும். வெளியே கசிவு தெரியாவிட்டால் அது போகக்கூடிய வழி கண்ட்ரோல் வால்வு ஒன்றுதான். அது இறுக்கமாக இருந்தால் சீல் கெட்டாலும் லோடர் தொடர்ந்து இறங்க முடியாது. எனவே லோடர் இறங்கினால் முதல் சந்தேகம் ஸ்பூலின் மேல் வர வேண்டும். சீல் கிட் சில ஆயிரம் ரூபாயில் முடியும். வால்வு பிளாக் அப்படி முடியாது. தேய்ந்த துளையை நம் ஊர் லேத் பட்டறையில் சரிசெய்யவும் முடியாது. இந்த ஒரு புரிதல் பேரத்தில் பெரிய தொகையைக் காப்பாற்றும்.

சந்தேகம் தீராவிட்டால் விற்பவரிடம் புதிய ஹைட்ராலிக் ஃபில்டருக்கு நீங்களே பணம் கொடுத்து, பழையதைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். மடிப்புகளில் பொன்னிறத் துகள் மின்னினால் பம்பின் புஷ் கரைகிறது. வெள்ளிபோல எஃகுத் துகள் என்றால் பல்சக்கரமே கரைகிறது. கறுப்புத் துணுக்கு சீலின் ரப்பர். எண்ணெய் மோர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியின் உள்ளே நடப்பதைப் பிரிக்காமலே காட்டும் சோதனை இது. வாங்குபவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைப் பார்த்தாயிற்று. தெரியும் இடைவெளிகள் பின்னிலும் புஷ்ஷிலும் இருக்கின்றன. பின்புறக் கையை முழுதாக நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கெட்டைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். கை முழுவதும் வண்டியோடு சேரும் கிங்போஸ்டைப் பாருங்கள். அங்கே மேலும் கீழும் உள்ள பின்கள் அரை மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விழுந்தால், ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் பக்கெட் நுனியில் அது பத்து மடங்காகி இரண்டு சென்டிமீட்டர் ஆகும். அதற்கு மேல் பூம், ஆர்ம், பக்கெட் என ஒவ்வொரு மூட்டின் தளர்வும் சேரும். நுனி ஒரு கையகலம் ஆடுகிற வண்டியில் குழாய் பதிக்க நேரான பள்ளம் எடுக்க முடியாது. பின்னும் புஷ்ஷும் மாற்றக்கூடியவைதான். புஷ் உட்காரும் துளையே முட்டை வடிவமாகிவிட்டால் அதை மறுபடி வட்டமாகக் கடையும் லைன் போரிங் செய்ய வேண்டும். அது வேறு செலவு.

இந்தத் தேய்மானத்தைத் தீர்மானிப்பதில் வண்டி எத்தனை மணி ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பதற்குப் பங்கு அதிகம். மணலிலும் கல்குவாரித் தூளிலும் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரண எஃகு அதைவிட மென்மை. குவாரியில் மூவாயிரம் மணி ஓடிய வண்டியைவிட, டெல்டாவில் வண்டல் வாரிக்கொண்டு ஆறாயிரம் மணி ஓடியது மேலாக இருக்கலாம். கடலோர இறால் பண்ணையில் ஓடியதென்றால் வேறு கவலை. உப்பு, சிலிண்டர் ராடின் குரோம் பூச்சில் ஊசிக்குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகள் எத்தனை புதிய சீல் போட்டாலும் அறுத்துக்கொண்டே இருக்கும். ராடை முழுதாக வெளியே நீட்டச் சொல்லி, நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள்.

இரும்பு தேய்ந்துதான் கெட வேண்டும் என்பதில்லை, களைத்தும் கெடும். ஒரு முறை தோண்டிக் கொட்ட இருபது நொடி என்றால் மணிக்கு 180 முறை. எட்டாயிரம் மணி ஓடிய வண்டி பாதி நேரம் பின்கையால் வேலை செய்திருந்தால் ஏழு லட்சம் முறைக்கு மேல் அந்தக் கை பாரம் ஏறி இறங்கியிருக்கிறது. ஒருமுறை தாங்கக்கூடிய பாரத்தைவிட வெகுவாகக் குறைந்த பாரமே, லட்சக்கணக்கான முறை வந்தால் உலோகத்தில் விரிசலைத் தொடங்கிவைக்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை ஆராய்ந்து இதை நிறுவினார். விரிசல் பிறப்பது பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில். பூமின் அடிப்பகுதி, கிங்போஸ்ட் கூடு, லோடர் கைகளின் குறுக்குக் குழாய் ஆகிய இடங்களில் பெயிண்டை மீறித் துருக்கோடு கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடம் பழசாக இருக்க, அங்கே மட்டும் புது பெயிண்ட் இருந்தாலும், பட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தாலும் காரணம் கேட்க வேண்டும்.

கியரைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் எல்லா கியரிலும் சூடான நிலையில் ஓட்டுங்கள். திசை மாற்றும்போது ஓரிரு நொடிக்கு மேல் யோசித்துவிட்டு நகர்ந்தால் கிளட்ச் பிளேட் போய்க்கொண்டிருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, கடன் கொடுத்த நிறுவனத்தின் என்.ஓ.சி. கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வாங்கியாயிற்று என்றால், இனி அந்த இடைவெளிகள் விரியும் வேகம் உங்கள் கையில். இதில் கிரீஸுக்கு ஈடு எதுவும் இல்லை. கிரீஸ் வழவழப்புக்கு மட்டும் அல்ல. புதிய கிரீஸ் உள்ளே போகும்போது, மணல் கலந்த பழையதை மூட்டின் இரு ஓரமும் வெளியே தள்ளுகிறது. அந்த வளையம் வெளியே தெரியும்வரை அடிக்க வேண்டும். காலையில் அடிப்பதைவிட மாலையில், வேலை முடிந்து மூட்டு சூடாக இருக்கும்போது அடிப்பது மேல். சூட்டில் எளிதாக ஏறும், இரவில் குளிரும்போது ஈரம் உள்ளே போகவும் இடமிருக்காது. தினமும் கால் மணி நேர வேலை. இதைச் செய்யும் ஹெல்பருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று, ஹைட்ராலிக் டேங்க் மூச்சு விடும். சிலிண்டர்கள் நீளும்போது டேங்கில் எண்ணெய் இறங்கி வெளிக்காற்று உள்ளே வரும், சுருங்கும்போது காற்று வெளியேறும். மூடியில் உள்ள பிரீதர் ஃபில்டர் தொலைந்து, துணி அடைத்து ஓடும் வண்டிகள் ஏராளம். அந்த வழியாக உள்ளே போகும் தூசுதான் பத்து மைக்ரான் இடைவெளியை இருபதாக்குகிறது. எண்ணெயை அளவுக்கு மீறிச் சூடாகவும் விடக்கூடாது. ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதலுக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கூலரில் அடைந்த தூசியை வாரம் ஒருமுறை காற்றடித்து எடுப்பது புது பம்பின் விலையை மிச்சப்படுத்தும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு செய்திகளை ஆப்பரேட்டருக்கும் ஹெல்பருக்கும் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். பழைய ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருந்தால் அதைக் கையால் தடவித் தேடவே கூடாது. 200 பாரில் வரும் எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். உயர்த்திய லோடர் கைகளுக்குக் கீழே வேலை இருந்தால், சிலிண்டர் ராடின் மேல் மாட்டும் இரும்புத் தாங்கியைப் போடாமல் யாரும் தலையை நுழைக்கக்கூடாது. பல பழைய வண்டிகளில் அந்தத் தாங்கியே காணாமல் போயிருக்கும். வாங்கியதும் முதல் வேலையாக ஒன்றைச் செய்து மாட்டுங்கள்.

பழைய வண்டி யாருக்கு லாபம்? மாதம் இருநூறு மணி ஓடியே தீர வேண்டும் என்ற கட்டாயம் உள்ள பெரிய ஒப்பந்ததாரருக்கு அது தொல்லைதான். ஒரு நாள் நின்றால் பத்து ஆளும் நான்கு டிப்பரும் சேர்ந்து நிற்கும். தானே ஓட்டி, தானே கிரீஸ் அடித்து, சுற்று வட்டார வேலைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அது நல்ல சொத்து. தவணை இல்லாததால் மழைக்காலத்தில் வண்டி சும்மா நின்றாலும் வட்டி ஓடாது. வாங்கும் விலையோடு இன்னொரு கால் பங்குத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். முதல் ஆறு மாதத்தில் ஹோஸ், பின், புஷ், டயர் என்று அது போய்விடும். அந்தத் தொகை இல்லையென்றால் இன்னும் சில மாதம் பொறுத்திருப்பது நல்லது. அதிகாலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன் ஸ்டார்ட் செய்து, உங்கள் டீசலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வண்டி வாங்காதீர்கள்.